இவர்தான் அவர் என்று சொல்ல ஓர் ஆள்

அண்ணே,

போன வெள்ளிக்கிழமை அரசாங்கக் கச்சேரியில் உங்கள் சாட்சிச் சீட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. சவரிமுத்துவைப் பென்ஷன் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனுஷன் நேரே என் கடைக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, சட்டையில் குத்தியிருந்த மெடலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மழையில் நனைந்த வெள்ளி. அதிலிருந்து திருநீற்று வாசனை வந்தது. அந்த வாசனையில்தான் உங்கள் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பொய். நீங்கள் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. மறந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. ஆனாலும் வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் காவல் நின்ற அரிசிக் கிட்டங்கி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெள்ளியைத் துலக்கத் திருநீற்றைவிட நல்லது கிடையாது என்று சொல்லி, பென்ஷன் தவணைக்குத் தவணை உங்கள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை அவருக்குக் கொடுப்பீர்கள். "வேதக்காரன் நெத்திக்கு ஆகாதது மெடலுக்கு ஆகுதாம்" என்பீர்கள். "நெத்தி என்னுது, மெடலு ராணியம்மாளுது" என்பார் அவர். கடைசியாகக் கொடுத்த பொட்டலத்தை இன்னும் வைத்திருக்கிறார்.

மெடலுக்குப் பக்கத்தில் உங்கள் சீட்டையும் வைத்தார். உங்கள் கைநாட்டு நீலமாக அப்படியே இருந்தது.

"செத்தவன் சாட்சி செல்லாதாம் தம்பி. உசுரோட இருக்கிற ஆள் வந்து நிக்கணுமாம். நான் எங்க போவேன் ஆளுக்கு?"

அந்தச் சீட்டை எழுதியது நான். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அது செல்லாமல் போனது என் கடைச் சரக்கு திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அது எப்படி முடிந்தது என்று கொடுத்தவருக்குச் சொல்லவேண்டும். அவர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

நான் பதுளைக் கடைவீதியில் கடை போட்ட வருஷம் நீங்கள் ஏழு பேர் இருந்தீர்கள். பர்மா சண்டையில் காயம்பட்டு, ஒரே பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வெளியே வந்து, அந்தப் பென்ஷன் வயிற்றுக்குப் போதாமல் கங்காணியோடு இலங்கைக்குக் கப்பல் ஏறி ஊவாத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்ஷன் வாங்கிக்கொண்டு கச்சேரியிலிருந்து இறங்கி வந்து, என் கடை வாசலில் அரிசி மூட்டைமேல் வரிசையாக உட்காருவீர்கள். நான் தேத்தண்ணி கொடுப்பேன். பாசத்தால் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஏழு பேர் ஏழு தோட்டத்துக்குத் திரும்பிப் போய் என் கடை அரிசியைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள்.

உங்களைக் கிட்டங்கிக் காவலுக்கு வைத்ததும் அப்படி யோசித்துத்தான். உங்களுக்கு வலது கை தோளுக்குமேல் எழும்பாது. ஆனால் நீங்கள் வாசலில் நின்றால் எலிகூட யோசித்துத்தான் உள்ளே போகும்.

பென்ஷன் வாங்க அன்றைக்கு இருந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. வாங்குகிறவரோடு அதே பட்டாளத்து ஆள் ஒருவர் கூட நின்று, கிளாக்கர் முன்னால், "இவர்தான் அவர்" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வருஷம் போய்விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். "செத்தவன் புஸ்தகத்துல சேத்துடுவான்" என்பீர்கள். ஏழு பேர் இருந்த காலத்தில் அது ஒரு விளையாட்டு. யார் யாருக்குச் சொல்வது என்று வாசலிலேயே இழுபறி நடக்கும். ஒருமுறை ஒருவரைப் பார்த்து, "இவனா? இவன நான் கண்டதே இல்லயே" என்று நீங்கள் சொல்லி, அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துக் கிளாக்கரே சிரித்துவிட்டாராம்.

உங்களுக்கும் சவரிமுத்துவுக்கும் சண்டை, பர்மாவில் கடந்த ஓர் ஆற்றால் வந்தது.

உங்கள் கதைப்படி, சவரிமுத்துவைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தவர் நீங்கள். அவர் கதைப்படி, உங்களை முதுகில் சுமந்து கடந்தவர் அவர். "இவன் கனம் இன்னும் என் முதுகுல இருக்கு. ஊறவச்ச உளுந்து மூட்டை மாதிரி இருந்தான்" என்பார். வருஷக்கணக்காக இரண்டு கதையும் ஒரே வாசலில் ஓடின. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் பண்டாரவளையிலிருந்து வந்த புடவைக்கடை பாய் ஒருவர், அரிசி வாங்க நின்றவர், இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தூக்கிட்டீங்க. ஆத்துல நடந்தது யாரு?" என்றார்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து எழுந்து, தேத்தண்ணியைக் குடிக்காமல், ஹல்துமுல்லைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவர் காலையில் கச்சேரிக்கு வருவார், நீங்கள் மத்தியானம் போவீர்கள். மீதி ஆட்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி இறங்கிச் சாட்சி சொன்னார்கள்.

அந்த மீதி ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறினார். ஒருவர் தோட்டத்தில் வடிகால் கானு வெட்டும்போது சரிவில் விழுந்தார். கடைசியாகப் பசறைப் பக்கத்து ஆள் காய்ச்சலில் போனார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று கிட்டங்கி வாசலில் நின்றபடி, "இனி நானும் அவனும்தான்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அடுத்த தவணைக்கு நீங்களும் போகவில்லை, அவரும் வரவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே போயிற்று.

"ஒரு ஆள் அனுப்பிக் கேட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அவன் கேக்கட்டும்."

"பேர அடிச்சிடுவான் அண்ணே."

"அடிக்கட்டும். நான் இருக்கேனா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும்.

எனக்கு வீம்பு பிடிக்காது. வீம்பில் நஷ்டம் மட்டும்தான் உண்டு. ஹல்துமுல்லைத் தோட்டம் ஒன்றுக்கு அரிசி விஷயமாகப் போகவேண்டியிருந்தது. போன வழியில் சவரிமுத்துவின் லயத்துக்கும் போனேன். மகள் வீட்டோடு தங்கியிருந்தார். தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்குக் காவல் வேலை. பனி மூடி, பத்தடிக்கு அப்பால் மாடா மனுஷனா தெரியவில்லை. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவன் அனுப்பினானா?"

"இல்லை. அரிசிக்கு வந்தேன்."

"அவன் வந்து, சவரிமுத்துதான் என்னைத் தூக்கினான்னு ஒன் கடை வாசல்ல சொல்லட்டும். நான் கச்சேரிக்கு வர்றேன்."

"அவரும் அதேதான் கேக்கிறாரு."

"கேப்பான். பொய் சொல்றவனுக்கு வாய் பெருசு."

நான் பேரம் பேசித் தோற்றது குறைவு. எதிராளி ஒரு விலையைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் இருந்தால் விலையை விட்டுவிட்டுச் சரக்கைப் பார்க்கவேண்டும். சரக்கைப் பார்த்தேன்.

"ஆத்தக் கடக்கும்போது உங்களுக்கு எங்க காயம் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

வேட்டியை விலக்கிக் காட்டினார். இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. எலும்பு உடைந்து கூடியது. அந்தக் காலை இழுத்துத்தான் இன்றைக்கும் நடக்கிறார்.

நானும் தலைச்சுமையாகத் துணி மூட்டை தூக்கி லயம் லயமாக விற்று மேலே வந்தவன். சுமை என்றால் என்ன என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. அவரிடம் சொன்னேன்: "தொடை ஒடஞ்சவன் ஆத்துல ஆளத் தூக்கிட்டு நடக்கமாட்டான். அவருக்கு அதே சண்டையில வலது தோள் போயிருக்கு. தோள் போனவன் ஆளத் தூக்கவேமாட்டான். ரெண்டு பேரும் தூக்கல. தூக்கினது யாரு?"

மாடு ஒன்று இருமியது. சவரிமுத்து சாக்கை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு டோலிக்காரன்" என்றார். "காயம்பட்டவங்களத் தூக்க வந்த கூலி. கூட வந்தவன் செத்துட்டான். டோலியப் போட்டுட்டு முதுகுலயே தூக்கினான். மொதல்ல அவன. அப்புறம் என்னை. மூணாவதா ஒருத்தனத் தூக்கப் போனான். திரும்பி வரல."

"அவரு பேரு?"

"கேக்கல. அவன் முதுகுல கெடந்தேன், தம்பி. அவன் காதுகிட்ட என் வாய் இருந்துச்சு. பேரக் கேக்கத் தோணல." பிறகு, "பேரு தெரியாதவன் தூக்கினான்னு எப்படிச் சொல்றது? எவன்டான்னு கேப்பான். அதான் நான் தூக்கினேன்னு சொன்னேன். ஒருதரம் சொல்லிட்டா அப்புறம் அதத்தானே சொல்லணும்" என்றார்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். டோலிக்காரன் என்ற ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன். ஊசி நிற்கவில்லை. நாலு தையல் போட்டீர்கள்.

"அவன் சொன்னானா?"

"ஆமா."

"பேரு கேட்டானாமா?"

"கேக்கலயாம்."

"நானும் கேக்கல" என்றீர்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எப்ப வர்றானாம்?" என்று கேட்டீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் கச்சேரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். இவர் யார் என்று கிளாக்கர் கேட்டார். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இவன்தான். நம்பாட்டி வேட்டியத் தூக்கச் சொல்லுங்க" என்றீர்கள். அவர் முறை வந்தபோது, "இவனேதான். இந்த மூஞ்சிய வேற எவனும் வச்சிருக்கமாட்டான்" என்றார். இறங்கி வரும்போது அவருடைய குடையில் இரண்டு பேரும் நடந்தீர்கள். குடைக்கு வெளியே இருந்தது உங்கள் இடது தோள், காயம்படாத நல்ல தோள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் என் கடை வாசலில் அந்த ஆற்றை யார் கடந்தது என்ற பேச்சே இல்லை. யாராவது கேட்டால், "ஒருத்தன் தூக்கினான்" என்பீர்கள். எவன் என்று கேட்டால் இரண்டு பேருமே தேத்தண்ணிக் குவளையைப் பார்ப்பீர்கள். பெயர் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

மார்கழி மழையில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றீர்கள், வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். நாலாம் நாள் காலையில் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கும் மகளுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். கை அசைத்து அது வேண்டாம் என்றீர்கள்.

"அடுத்த தவணைக்கு அவனுக்கு ஆளு?"

நான் சாகப்போகிறவருக்குச் சொல்கிற ஆறுதல் எல்லாம் சொல்லப் பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. "நான் போனா அவனையும்ல சேத்து அடிச்சிடுவான். எழுது" என்றீர்கள். எழுதினேன். இன்ன பட்டாளத்து இன்ன நம்பர் ஆள் சவரிமுத்து, இடது தொடையில் தழும்பு, இவனே அவன், நான் அறிவேன். ஆஸ்பத்திரி மை கேட்டு வாங்கி உங்கள் பெருவிரலை நானே பிடித்து அமுக்கினேன். "செல்லுமா?" என்று கேட்டீர்கள். செல்லும் என்றேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. என் கடையில் உங்கள் வாய்ச்சொல் எப்போதும் சென்றிருக்கிறது. கச்சேரியிலும் செல்லும் என்று நம்பிவிட்டேன்.

ஆற்றங்கரையில் உங்களுக்கு நெருப்பு வைத்தபோது சவரிமுத்து காலை இழுத்து இழுத்து முன்னால் வந்து, விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூஞ்சி கடைசிவரை மாறல பாரு" என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

சவரிமுத்துவைக் கடையிலேயே தங்கவைத்தேன். உங்கள் கட்டிலில் படுக்கமாட்டேன் என்று சொல்லிச் சாக்குமேல் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு நானே கச்சேரிக்குப் போனேன். கிளாக்கர் நல்ல மனுஷன்தான். விதி அப்படி, நான் என்ன செய்ய என்றார். விதியை மாற்றக்கூடியவரிடம் கூட்டிப்போங்கள் என்றேன். துரை முன்னால் நின்றோம். துரை பேசுவதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"நீங்க பட்டாளத்துல இருந்தீங்களான்னு கேக்கிறாரு."

"இல்லைங்க. அரிசி விக்கிறேன்."

"அப்ப இவர்தான் அவர்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறாரு."

"எனக்குத் தெரியிறதவிட ஒங்க புஸ்தகத்துக்கு நல்லாத் தெரியும்ங்க. பத்து வருஷத்துக்கு மேலா இந்த ஆள் இதே எடத்துல நிக்கிறாரு. ஒவ்வொரு தடவையும் இவர்தான் அவர்னு எழுதியிருக்கீங்க. பக்கத்துல நின்னவரு செத்துப்போனா, நிக்கிறவரு வேற ஆளா ஆயிடுவாரா?"

கிளாக்கர் இதைச் சொல்லத் தயங்கினார். சொல்லுங்க என்றேன். சொன்னார். துரை புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். சவரிமுத்து அதற்குள் வேட்டியைத் தொடைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். போதும், இறக்கு என்று துரையே கையைக் காட்டினார்.

"பொய்யாப் போனா யாரு பொறுப்புன்னு கேக்கிறாரு."

"நான். இவர் வாங்கினது அத்தனையும் நான் கட்டுறேன். கடை இருக்கு, கிட்டங்கி இருக்கு. ஓடிப்போற ஆள் இல்ல."

உங்களுக்குத் தெரியும், நான் யாருக்கும் ஜாமீன் நின்றதில்லை. சொந்தத் தம்பிக்கு நிற்கவில்லை. அன்றைக்கு நின்றேன். வெள்ளிக்கிழமை மறுத்த தவணைப் பணத்தைக் கொடுத்தார்கள். செத்தவர் புத்தகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் இல்லை.

வெளியே வந்து படியில் நின்று சவரிமுத்து மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

"என்ன எவ்வளவு?"

"நீ சும்மா செய்யிற ஆளா?"

"இதுக்கு ஒண்ணும் வேணாம்."

"அது சரிப்படாது. அவனுக்கு நான், எனக்கு அவன். சரிக்குச் சரி. ஒனக்கு நான் என்ன?"

படியிறங்கி நடந்தேன். கடைக்கு வந்தால் பண்டாரவளை ரயிலடியிலிருந்து வந்த அரிசி வண்டி வாசலில் நிற்கிறது. ஆட்கள் மூட்டை இறக்குகிறார்கள். சவரிமுத்து குடையை ஊன்றிக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"இந்த ஆளுங்க பேரு ஒனக்குத் தெரியுமா?"

பதினொரு பேர். தலையாள் கூட்டிவருவார், தலையாளுக்குக் கூலி கொடுப்பேன். நாலு பேரின் பெயரைச் சொன்னேன். மீதிப் பேரை நெட்டையன், மொட்டை, புதுசா வந்தவன் என்று சமாளித்தேன். முதுகில் என் மூட்டையோடு என் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சுமந்தவன். அன்றைக்கு என் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

சவரிமுத்து சிரித்தார். உங்களைச் சீண்டும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"எனக்கு மட்டும் இவன் யாருன்னு சொன்னா அது தயவு. ஒன் மூட்டை தூக்குறவன் எல்லாருக்கும் சொன்னா அது வழக்கம். வழக்கம்னா நான் வர்றேன். தயவுக்கு வரமாட்டேன்."

பேரத்தில் நான் தோற்ற இடம் அது. மத்தியானத்துக்குள் பதினொரு பேரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டேன். மொட்டை என்று நான் கூப்பிட்டவர் பெயர் ராமலிங்கம். நெட்டையன், சின்னையா. இன்னும் இரண்டு பெயர் மாறி மாறிப் போகிறது. பார்த்துக்கொள்கிறேன். தவணைக்கு நாள் இருக்கிறது.

ஆக, ஒப்புக்கொண்டது இது. தவணைக்குத் தவணை நானே கூடப் போய், இவர்தான் அவர் என்று கச்சேரியில் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். போகுமுன் கடை வாசலில், சவரிமுத்து காதில் விழ, என் மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லவேண்டும். ஒன்று தப்பினாலும் தேத்தண்ணிக் காசு என்னுடையது, தப்பாவிட்டால் அவருடையது. உங்கள் பெயரை அவரே சொல்லிக்கொள்வார், அது என் பொறுப்பில் இல்லை. கடைசியாக டோலிக்காரன் என்று நான் சொல்லவேண்டும், பெயர் தெரியாது என்பதையும் சேர்த்து.